முதியோர் துன்புறுத்தலை அறிந்து உதவச் செவிலியருக்குப் பயிற்சி: நோயாளரும் பராமரிப்பாளரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவமனையில் முதியவரைப் பரிசோதிக்கும் செவிலியர், உடன் வந்திருப்பவரைச் சிறிது நேரம் வெளியே இருக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். அதன்பின் முதியவரிடம், “வேளைக்குச் சாப்பாடும் மருந்தும் கிடைக்கின்றனவா? மனம் நோகும்படி யாரேனும் பேசுகிறார்களா? உங்கள் பணத்தை யார் கையாள்கிறார்கள்?” என்று வினவலாம். இவ்வினாக்களைக் கேட்டு, தங்களைக் குற்றவாளிகளாகக் கருதுகிறார்களோ என்று குடும்பத்தினர் வருந்துவதுண்டு. குடும்ப விவகாரத்தை வெளியே சொல்வது தகாது என்று முதியவர் வாய் மூடிக்கொள்வதும் உண்டு.

இரத்த அழுத்தத்தை அளப்பதைப் போலவே, முதியவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று கேட்பதும் செவிலியப் பணியின் ஒரு பகுதியாகும். அவ்வாறு கேட்பதற்கும், கேட்டறிந்தபின் செயல்படுவதற்கும் செவிலியருக்குத் தனிப் பயிற்சி தேவை. அப்பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது, பயிற்சி பெற்ற செவிலியரிடமிருந்து நீங்கள் எதை எதிர்பார்க்கலாம், உங்களுக்கு உள்ள உரிமைகளும் உதவிகளும் யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதியோர் துன்புறுத்தல் என்றால் என்ன?

முதியவர் நம்பிச் சார்ந்திருக்கும் ஒருவர், அவருக்குத் தீங்கோ மனவேதனையோ விளைவிக்கும் செயலைச் செய்வதும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் முதியோர் துன்புறுத்தல் ஆகும். அது ஒருமுறை நிகழ்ந்தாலும் துன்புறுத்தலே. அதன் வகைகள் பின்வருமாறு:

• உடல்சார்ந்தது: அடித்தல், தள்ளுதல், கிள்ளுதல், கட்டிலோடு கட்டிவைத்தல், தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காகத் தூக்க மருந்தை மிகுதியாகக் கொடுத்தல்.
• மனம்சார்ந்தது: ஏசுதல், மிரட்டுதல், பேரக்குழந்தைகளிடம் பேசவிடாமல் தடுத்தல், “முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவேன்” என்று அச்சுறுத்துதல், நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதிருத்தல்.
• பணம்சார்ந்தது: ஓய்வூதியத்தையோ முதியோர் உதவித்தொகையையோ எடுத்துக்கொள்ளுதல், ஏடிஎம் அட்டையைப் பறித்து வைத்துக்கொள்ளுதல், விவரம் சொல்லாமல் பத்திரத்தில் கையொப்பமோ கைநாட்டோ வாங்குதல்.
• பாலியல்சார்ந்தது: விருப்பமின்றித் தொடுதல் உள்ளிட்ட எந்தச் செயலும்.
• புறக்கணிப்பு: உணவு, மருந்து, மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி, துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றை வழங்காமல் விடுதல், மருத்துவமனையிலோ பேருந்து நிலையத்திலோ விட்டுச் சென்றுவிடுதல்.

இவை பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே நிகழ்கின்றன. பத்திரத்தில் கையொப்பமிட மறுத்தவருக்குச் சாப்பாடு குறைவதும், பின்னர் ஏச்சு தொடங்குவதும் இதற்கு எடுத்துக்காட்டு.

இது எவ்வளவு பரவலானது?

60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர், முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்தார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வே இம்மதிப்பீட்டுக்கு அடிப்படை. 24 நிகழ்வுகளில் ஒன்று மட்டுமே உரியவர்களின் கவனத்துக்கு வருகிறது என்றும் அந்நிறுவனம் தெரிவிக்கிறது.

முதியவர்கள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. துன்புறுத்துபவரே சோறு போடுபவராகவும் மருந்து வாங்கித் தருபவராகவும் இருக்கிறார். சொன்னால் இருக்கும் ஆதரவும் போய்விடும் என்ற அச்சம் முதற்காரணம். பெற்ற பிள்ளையைக் காவல் நிலையத்தில் நிறுத்தக்கூடாது என்ற பாசமும், ஊரார் அறிந்தால் மானம் போகும் என்ற எண்ணமும் அடுத்தவை. “என் தலைவிதி” என்று ஏற்றுக்கொண்டவர்களும், தமக்கு நேர்வது துன்புறுத்தல் என்றே உணராதவர்களும் பலர். பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ பேச இயலாதவர்கள் வேறு இருக்கிறார்கள்.

செவிலியருக்கு இதில் என்ன பங்கு?

வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்லாத முதியவரைக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து, ஆடை விலக்கிப் புண்ணைக் கழுவி, அருகில் அமர்ந்து பேசுபவர் பெரும்பாலும் செவிலியர் ஒருவரே. மருத்துவர் சில நிமிடங்களே பார்க்கிறார். செவிலியரோ மூன்று வேளையும் பார்க்கிறார். பார்வையாளர் வரும்போது நோயாளியின் முகம் எப்படி மாறுகிறது என்பதும் அவர் கண்ணில் படுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வாய்ப்பு மருத்துவமனையோடு முடிவதில்லை. கிராம சுகாதார செவிலியர்கள் நீண்ட காலமாக வீடுகளுக்குச் செல்பவர்கள். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மருந்து வழங்கப்படுகிறது. படுக்கையில் இருப்போருக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. இவ்வாறு செல்பவர்கள், சென்ற மாதம் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதையும், முதியவர் மாட்டுக்கொட்டகைக்கு இடம் மாறியிருப்பதையும் காண முடியும்.

காண்பது மட்டும் போதாது. ஐயம் எழுந்தும், “தவறாக இருந்தால் என்ன செய்வது? குடும்பத்தார் சண்டைக்கு வந்தால்? யாரிடம் சொல்வது?” என்று தயங்கி விட்டுவிடுவதே பொதுவாக நிகழ்வது. அத்தயக்கத்தைப் போக்கி, அடுத்து செய்ய வேண்டியதைத் தெளிவாக்குவதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சியில் கற்பிக்கப்படுவன

1. அறிகுறியையும் முதுமையின் மாற்றத்தையும் பிரித்தறிதல்

முதியவரின் தோல் மெலிந்தது. சிறிய இடிபாட்டிலும் கன்றிப்போகும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்குக் கன்றல்கள் மேலும் எளிதில் தோன்றும். ஆகையால், கன்றலைக் கண்டவுடன் அடி விழுந்தது என்று முடிவு செய்வது தவறு. முதுமை என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்குவதும் தவறு.

இதில் ஆய்வுகள் துணைசெய்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 65 வயதைக் கடந்த 101 பேரைக் கவனித்து 2005இல் வெளியான ஆய்வில், தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கை கால்களிலேயே இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்துக் கன்றலின் வயதைக் கணிப்பதும் நம்பத்தக்கதாக இல்லை. அதே ஆய்வாளர் குழு, தாக்கப்பட்ட முதியவர்களைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கன்றல் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் பெரிய கன்றல்கள் இருந்தன. நினைவாற்றல் குறைந்தோர் பலர் உட்பட, பெரும்பாலானோரால் காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று கூறவும் முடிந்தது. கேட்டால் சொல்வார்கள் என்பதே இதிலிருந்து செவிலியர் பெறும் பாடம்.

செவிலியர் கவனிக்கும் ஏனைய அறிகுறிகள்:

• காயத்துக்கும் சொல்லப்படும் காரணத்துக்கும் பொருத்தமின்மை. ஒவ்வொரு முறையும் காரணம் மாறுதல்
• மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றில் கட்டிய தடம்
• நோயால் விளக்க இயலாத உடல் மெலிவு, நீர்ச்சத்துக் குறைவு
• மாற்றப்படாத டயப்பர், நனைந்த ஆடை, நீண்ட நாள் வெட்டப்படாத நகம்
• வாங்கிய மருந்து உட்கொள்ளப்படாமை அல்லது அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டிருத்தல்
• குறிப்பிட்ட ஒருவர் அருகில் வந்தால் ஒடுங்குதல், கண்ணைப் பார்க்காதிருத்தல், முதியவரைப் பேசவிடாமல் உடன் இருப்பவரே எல்லாவற்றுக்கும் விடை சொல்லுதல்
• பணவசதி இருந்தும் அவசியமான சிகிச்சையைத் தொடர்ந்து தள்ளிப்போடுதல்

இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று சான்றாகாது. எடுத்துக்காட்டாக, பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்திருக்கிறது என்று கொள்வோம். இரவும் பகலும் தனியொருவராகப் பார்த்துக்கொள்ளும் மருமகளால், அவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க இயலாமல் போயிருக்கலாம். வேறொரு வீட்டில், அறைக்கதவைச் சாத்திவிட்டு நாள் முழுதும் எவரும் உள்ளே செல்லாதிருந்திருக்கலாம். இரண்டிலும் புண் ஒன்றே. முன்னதில் தேவை, புரட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தல், நீர்ப்படுக்கை அல்லது காற்றுப்படுக்கை, உதவிக்கு இன்னொருவர். பின்னதில் தேவை, முதியவருக்குப் பாதுகாப்பு. இவ்வேறுபாட்டைக் கேட்டறியாமல் எவராலும் சொல்ல முடியாது.

2. தனியே, அமைதியாகக் கேட்டல்

உடன் இருப்பவர் முன்னிலையில் உண்மையைச் சொல்ல முடியாது என்பதனால்தான் முதியவரிடம் தனியே பேசப்படுகிறது. அவர் கேட்கும் அளவுக்கு, ஆனால் அடுத்த கட்டிலுக்குக் கேட்காதவாறு பேசுவதற்கும் செவிலியர் பயில்கிறார். காது மந்தமாக இருந்தால் கருவியை அணிவித்த பிறகே பேச வேண்டும். மொழி வேறாக இருந்தால் குடும்பத்தினரை மொழிபெயர்க்கச் சொல்லாமல் மருத்துவமனைப் பணியாளரின் துணையை நாட வேண்டும்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மருத்துவர்களின் பயன்பாட்டுக்காக உருவாக்கப்பட்டு 2008இல் வெளியான ஆறு வினாப் பட்டியல் ஒன்று உலகெங்கும் அறியப்பட்டது. அதில் ஐந்து வினாக்கள் முதியவரிடம் கேட்கப்படுகின்றன. அன்றாடத் தேவைகளுக்கு யாரைச் சார்ந்திருக்கிறார். உணவு, மருந்து, பிறருடன் பழகுதல் ஆகியவற்றை யாரேனும் தடுத்தார்களா. வெட்கமோ அச்சமோ ஏற்படும்படி பேசினார்களா. பணத்துக்காகவோ கையொப்பத்துக்காகவோ வற்புறுத்தினார்களா. அச்சுறுத்தினார்களா, உடலுக்குத் தீங்கு செய்தார்களா என்பன அவை. ஆறாவதை மருத்துவரே தம் கவனிப்பைக் கொண்டு நிரப்புகிறார். இது நினைவாற்றல் நன்கு உள்ளவர்களுக்கென அமைந்தது. “ஆம்” என்ற விடை மேலும் விசாரிக்க வேண்டும் என்பதைக் காட்டுமேயன்றி, யாரையும் குற்றவாளி என்று தீர்மானிப்பதில்லை.

3. உள்ளது உள்ளபடி பதிவு செய்தல்

காயத்தின் இடம், அளவு, வடிவம் ஆகியவற்றை உடல் வரைபடத்தில் குறித்தல். முதியவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுதல். ஒப்புதல் பெற்றே ஒளிப்படம் எடுத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. “மகன் அடித்தார்” என்று தம் முடிவாகச் செவிலியர் எழுதுவதில்லை; “மகன் அடித்ததாக நோயாளி கூறுகிறார்” என்றே எழுதுகிறார். பின்னாளில் தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ இப்பதிவு முதியவருக்குத் துணையாக அமையலாம். நிரபராதியான பராமரிப்பாளரைக் காப்பதும் இப்பதிவே.

4. படிப்படியாகச் செயல்படுதல்

முதற்கேள்வி, இன்று இவர் வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்பது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்கப்படும். முதியவரை உள்நோயாளராகச் சேர்த்துப் பாதுகாப்பது அவற்றுள் ஒரு வழி. காயம் தாக்குதலால் ஏற்பட்டதெனத் தெரிந்தால் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல் துறைக்குத் தகவல் அளிப்பார்.

உடனடி ஆபத்து இல்லாதபோது, முதியவரின் விருப்பமே வழிகாட்டி. “என் பையன் மேல் வழக்கு வேண்டாம், குடித்துவிட்டு வராமல் இருந்தால் போதும்” என்று ஒருவர் சொல்லலாம். அவ்வாறெனில் மகனுக்குக் குடிநோய் சிகிச்சை, வீட்டுக்குத் தொடர்ந்து செல்லுதல், உறவினர் ஒருவரைத் துணையாக்குதல், ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண்ணைக் கொடுத்தல் என்று திட்டமிடப்படும். செவிலியர் தனியே நின்று தீர்த்துவைக்க முயல்வதில்லை. மருத்துவர், மருத்துவ சமூகப் பணியாளர், மாவட்ட சமூக நல அலுவலர் ஆகியோரோடு இணைந்தே செயல்படுகிறார். குற்றஞ்சாட்டப்படுபவரிடம் நேரில் சென்று வாதிடக்கூடாது என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. அது முதியவர் மீதான சினத்தைப் பெருக்கக்கூடும்.

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்?

துண்டுப் பிரசுரத்தைப் படிக்கக் கொடுப்பது பயிற்சியாகாது. இங்கிலாந்தில் செவிலியர், பராமரிப்பு உதவியாளர், சமூகப் பணியாளர் ஆகியோரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரு குழு நேரடி வகுப்பில் கலந்துகொண்டது. மற்றொன்று அதே செய்திகளை அச்சில் பெற்றது. துன்புறுத்தலைக் கையாளும் அறிவில் வகுப்பில் கலந்துகொண்டவர்களே முன்னேறினர். ஆகையால், ஒருவர் முதியவராகவும் ஒருவர் செவிலியராகவும் நடித்துக் கேள்வி கேட்டுப் பழகுதல், உண்மைச் சூழல்களை ஒத்த நிகழ்வுகளைக் குழுவாக ஆராய்தல், குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் பயிலுதல் ஆகியவை தேவை. தம் மாவட்டத்தில் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இல்லாவிடில், அறிகுறிகளை எவ்வளவு கற்றும் பயன் குறைவே.

மறதி நோய் உள்ளவர்கள்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவர், “சாப்பாடே போடவில்லை”, “பணத்தைத் திருடிவிட்டார்கள்” என்று கூறுவது நோயின் இயல்பாக இருக்கலாம். அதனாலேயே அவர் சொல்வதெல்லாம் பொய் என்றும் ஆகிவிடாது. துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு இவர்களுக்கே மிகுதி. எனவே செவிலியர் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, எடை, தோல், மருந்து, வீட்டுச் சூழல் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அதே நோய், பராமரிப்பவரை இரவில் உறங்கவிடாது. சில வேளைகளில் நோயாளியே அவரை அடிப்பதும் உண்டு. இருவரின் நிலையும் கேட்டறியப்பட வேண்டும்.

தலைக்கூத்தல் குறித்து

தென் மாவட்டங்களின் சில பகுதிகளில், நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் முதியவரின் இறப்பை விரைவுபடுத்தும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் பற்றிய செய்திகள் வெளிவந்துள்ளன. எந்தப் பெயரில் அழைத்தாலும் அது உயிரைப் பறிக்கும் குற்றமே. இதனைப் பேசும் குடும்பத்தினர் பலர், “கஷ்டப்படுகிறார், பார்க்க முடியவில்லை” என்றே தொடங்குகிறார்கள். அச்சொல்லைக் கேட்கும் செவிலியர் கடந்துபோகக்கூடாது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் புண்ணுக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில் மருந்துண்டு. வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அவ்வுதவியை அன்றே இணைத்துவிடுவது, முதியவரின் வேதனையையும் குடும்பத்தின் தவிப்பையும் ஒருசேரக் குறைக்கும். ஆபத்து நெருங்கியிருப்பதாகத் தெரிந்தால் மேலதிகாரிக்கும் காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனையிலும் இல்லங்களிலும் நிகழ்ந்தால்?

துன்புறுத்தல் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. முதியோர் இல்லங்கள், நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்கள் போன்றவற்றின் பணியாளர்களில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் முதியவர் எவரையேனும் துன்புறுத்தியதாகத் தாமே ஒப்புக்கொண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. ஆகவே, தம் பேச்சையும் நடத்தையையும் செவிலியர் தாமே எண்ணிப்பார்ப்பதும் பயிற்சியில் அடங்கும். திரைச்சீலை இன்றி ஆடை மாற்றுதல், அழைத்தும் நெடுநேரம் வராதிருத்தல், மருத்துவரின் உத்தரவும் உரிய காரணமும் இன்றிக் கையைக் கட்டிவைத்தல் ஆகியவற்றை நீங்கள் கண்டால், பிரிவின் பொறுப்புச் செவிலியரிடமோ மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ எழுத்து மூலம் முறையிடலாம். முறையிட்டதற்காகச் சிகிச்சை குறைக்கப்படக்கூடாது.

நீங்கள் முதியவராக இருந்தால்

• செவிலியரிடம் தனியே பேச வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை.
• சொல்ல விரும்பாத கேள்விக்கு விடையளிக்காமல் இருக்கலாம். மற்றொரு நாள் சொல்லலாம்.
• நீங்கள் சொல்வது யாரிடம் பகிரப்படும் என்று முன்கூட்டியே கேளுங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தாலோ, காயம் தாக்குதலால் ஏற்பட்டிருந்தாலோ பிறரிடம் தெரிவிக்க வேண்டிவரும் என்று செவிலியர் விளக்குவார்.
• ஆதார் அட்டை, ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் புத்தகம், சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.
• படித்துக் காட்டப்படாத எந்தத் தாளிலும் கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள்.
• உங்களுக்கு நேர்ந்தது உங்கள் குற்றமன்று.

நீங்கள் பராமரிப்பாளராக இருந்தால்

செவிலியர் உங்களை வெளியே இருக்கச் சொல்வது எல்லாரிடமும் பின்பற்ற வேண்டிய நடைமுறை. அதற்கு இடம் கொடுப்பதே உங்கள் நேர்மைக்குச் சான்று. உங்கள் பெற்றோரை வேறொருவர், ஒரு வேலையாளோ உறவினரோ, துன்புறுத்தினால் அது வெளிவருவதற்கும் அத்தனிமையே வழி.

உங்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் அவரிடம் கத்தினீர்களா? கை ஓங்கினீர்களா? சாப்பாட்டை வேண்டுமென்றே தாமதித்தீர்களா? அவர் இல்லாவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறதா? உறக்கமின்மை, தனிமை, கடன், உடன்பிறந்தோர் கை கொடுக்காமை ஆகியவை நல்லவரையும் இந்நிலைக்குத் தள்ளும். களைப்பு துன்புறுத்தலை நியாயப்படுத்தாது. ஆனால் களைப்புக்கு உதவி உண்டு. “என்னால் முடியவில்லை” என்று செவிலியரிடம் சொல்லுங்கள். தூக்கும் முறை, குளிப்பாட்டும் முறை, இரவில் அமைதியின்மைக்கு மருத்துவம், வீட்டுக்கு வரும் ஆதரவு சிகிச்சை ஆகியவற்றை அவர் ஏற்பாடு செய்ய இயலும். கை ஓங்கத் தோன்றும் நேரத்தில் முதியவரைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007’ 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்களுக்கு உரியது. பெற்றோர் எனில் எந்த வயதிலும் பொருந்தும். அதன் முக்கியக் கூறுகள்:

• தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இதற்குத் தலைமை வகிக்கிறார். பிள்ளைகள் இல்லாத மூத்த குடிமக்கள், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையவிருக்கும் உறவினரிடம் கோரலாம்.
• மனு அளிக்க இயலாத நிலையில், அவர் அதிகாரமளித்த மற்றொருவரோ அமைப்போ அளிக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.
• எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். சிறப்புக் காரணம் இருப்பின் மேலும் 30 நாட்கள். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஆணையிடலாம்.
• பராமரிப்பதாக நிபந்தனை ஏற்று, இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தச் சொத்து மாற்றத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். எனவே தானப் பத்திரம் எழுதும்போது அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் செய்வது நன்று.
• பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் மூத்த குடிமகனை அடியோடு கைவிடும் நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச்சென்றால், 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதனுடன், வீட்டில் வன்முறைக்கு உள்ளாகும் தாய், மாமியார் உள்ளிட்ட பெண்கள், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்.

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்

• 14567 – முதியோர் உதவி எண், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை
• 112 – உடனடி ஆபத்தில் காவல் துறை உதவி
• 108 – அவசர ஊர்தி
• 181 – பெண்களுக்கான உதவி எண்
• 14416 – மனநல ஆலோசனை; பராமரிப்பாளரும் அழைக்கலாம்
• 15100 – இலவசச் சட்ட உதவி

கடும் காயம், மயக்கம், உணவோ நீரோ மறுக்கப்பட்ட நிலை, உயிருக்கு மிரட்டல், பூட்டிய அறையில் அடைப்பு ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தாமல் 112 அல்லது 108 எண்ணை அழைக்கவும். மற்ற நேரங்களில், அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போதோ செவிலியர் வீட்டுக்கு வரும்போதோ, “உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்” என்று கூறினாலே போதும்.